ஸ்டென்சில் நன்று, வண்ணம் நன்று, மெழுகு மட்டும்...

பழைய பொருள்களுக்குப் பழங்காலத் தோற்றம் தரும் ஸ்டென்சில் தொகுப்புகளின் விலை அண்மையில் இறங்கியிருப்பதால், என் வீட்டுக் கூடத்தில் காப்பி மேசையாக நிற்கும் தகரப் பெட்டியைப் பார்த்தவர்கள் பலரும் அதே தொகுப்பைத் தாங்களும் வாங்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் என்னென்ன இருக்கும் என்பது கேட்பவர்களுக்கே தெரியும்: இரண்டு மூன்று நிறங்களில் சாக் பெயிண்ட், வண்ணத்தை வடிவமாக ஒற்றுவதற்கு மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய ஸ்டென்சில்கள், முனை தட்டையான உருண்டைத் தூரிகை, ஒரு டப்பா மெழுகு. முதல் மூன்றைக் குறித்து எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக என் பொறுமையைச் சோதித்து வருவது நான்காவது பொருள்தான்.

சாக் பெயிண்ட் காய்ந்தபின் வெள்ளையடித்த பழைய சுவரைப் போல நுண்துளைகளோடும் பளபளப்பு இல்லாமலும் இருக்கும். கைபட்டால் அழுக்கேறும், தண்ணீர் பட்டால் கறை உறிஞ்சும்; ஆகவே மேலே ஒரு காப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். இவ்வகை வண்ணத்தை 1990-ல் உருவாக்கிய பிரிட்டிஷ் கலைஞர் ஆனி ஸ்லோன் பரப்பிய முறையிலும் மெழுகு தேய்த்து முடிப்பதே வழக்கம். அவருடைய வண்ணத்தை நான் பயன்படுத்தியதில்லை. நான் வாங்கியது அதே வகையைச் சேர்ந்த வேறொரு தயாரிப்பு. ஆனால் குளிர்ந்த நாட்டு வீட்டில் ஓரமாக நிற்கும் அலமாரிக்குப் பொருந்துகிற ஒரு பூச்சு, சென்னையில் கடற்கரையை ஒட்டிய வீட்டில், அதுவும் நாள்தோறும் காப்பி வைக்கப்படும் மேற்பரப்புக்குப் பொருந்துமா என்பதை இங்கே தொகுப்பு விற்பவர்கள் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தேன்மெழுகு உருகும் வெப்பம் சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸ்; அதற்கு வெகு முன்பே அது இளகத் தொடங்கிவிடும். இப்போதுதான் ஆற்றி ஊற்றிய ஃபில்டர் காப்பியோடு ஓர் எவர்சில்வர் டம்ளரை அதன்மேல் வைத்தால், எடுக்கும்போது அடியில் ஒட்டிக்கொண்டு வரும், பின் அங்கே ஒரு வட்டத் தடம் நிற்கும். டபராவோடு வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் வந்த விருந்தினரிடம் டபராவை எடுக்காதீர்கள் என்று சொல்வது எந்த வீட்டிலும் நடக்கிற காரியமா? மே மாதம் வந்தால் காப்பியே தேவையில்லை. செய்தித்தாளைச் சற்று நேரம் விட்டுவைத்தாலே எழுத்துகளின் மை மெழுகில் இறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தால் மேற்பரப்பு பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஆண்டுதோறும் மறுபடி தேய்த்து மெருகேற்ற வேண்டும் என்று டப்பாவின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய எழுத்தில் இருப்பதோ ‘நெடுங்காலப் பாதுகாப்பு’.

இந்தக் கோபத்தில் ஸ்டென்சிலுக்குரிய புகழைக் குறைத்துவிடக் கூடாது. மைலார் என்பது பாலியெஸ்டர் படலம். தண்ணீரில் ஊறாது, எளிதில் நீளாது, மடங்கினாலும் திரும்ப நிமிர்ந்துவிடும். காய்ந்துபோன வண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் தோலாக உரிந்து வருகிறது. கொதிநீர் மட்டும் கூடாது, தாள் சுருண்டுவிடும். இலைக்கொடி வடிவங்களில் உள்ள மெல்லிய இணைப்புகள்தான் முதலில் கிழியும், அதையும் பின்பக்கம் டேப் ஒட்டிச் சமாளிக்கலாம். விளிம்பில் வண்ணம் கசிகிறது என்று பலர் ஸ்டென்சிலைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அது தாளின் குற்றமன்று, தூரிகையில் இருக்கும் ஈரத்தின் குற்றம். தூரிகையில் வண்ணமே இல்லையோ என்று ஐயப்படும் அளவுக்குத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, இழுக்காமல் செங்குத்தாகக் குத்திக் குத்திப் பூசினால் தாளுக்கு அடியில் போவதற்கு நீர்மமே இருக்காது. மரத்தின் ரேகைகள் மேடு பள்ளமாக இருக்கும் கள்ளிப்பெட்டிப் பலகைகளில், ஸ்டென்சிலை ஒட்டியபின் முதலில் அடிநிறத்தையே விளிம்புகளில் ஒருமுறை ஒற்றிக் காயவிடுவது நல்லது. கசிவது கசிந்து இடுக்குகளை அடைத்துவிடும், அடிநிறமே ஆதலால் கண்ணுக்கும் தெரியாது.

தொகுப்போடு வரும் வடிவங்கள்தான் சலிப்பூட்டுகின்றன. கிரீடம், தேனீ, பிரெஞ்சு அஞ்சல் முத்திரை, பாரிஸ் நகரக் கடைப் பலகை என்று இருப்பவற்றை, ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பெயரும் ஊரும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டு ரயிலில் போய்வந்த தகரப் பெட்டியின்மேல் ஒற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஓ.எச்.பி. தாள் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் தமிழ் எண்களையும் எழுத்துகளையும் நானே வெட்டிக்கொண்டேன். க, வ, ண போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடாமல் இருக்க இரண்டு மெல்லிய இணைப்புகளை விட்டு வெட்ட வேண்டும். அந்த இடைவெளிகளே பழைய சரக்குப் பெட்டி எழுத்தின் சாயலைக் கொடுத்துவிடுகின்றன. இந்தப் பயன்பாட்டில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத மகிழ்ச்சி இதுதான், இதற்குத் தொகுப்பே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். மயிலாப்பூர் மாட வீதியில் விற்கும் கோல அச்சுத் தட்டுகளை முயல நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அவை பொடிக்கானவை, வண்ணம் பட்டால் துளைகள் அடைபடும்.

‘ப்ரைமர் (அடிப்பூச்சு) தேவையில்லை’ என்ற வாசகத்தையும் தகரப் பொருள்களுக்கு நம்ப வேண்டாம். உப்புக் காற்றில் இருந்த தகரத்தின்மேல் நீர் கலந்த வண்ணத்தை நேரடியாக அடித்தால், காய்வதற்குள்ளேயே துருப்புள்ளிகள் மேலே வந்துவிடும். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமரை ஒரு கை அடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதற்குமுன் பழைய வண்ணத்தைச் சுரண்டுபவர்கள் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காயலான் கடையில் கிடைக்கும் பெட்டி அதற்கு எத்தனையோ ஆண்டுகள் மூத்தது. தண்ணீர் நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளை அருகில் விடாமல் இருப்பதும், வழித்த கூழைத் தாளில் மடித்து அப்புறப்படுத்துவதும் அவசியம்.

பெட்டியின் மேல்மூடியிலிருந்து மெழுகைக் கடைசியில் நீக்கிவிட்டேன். மெழுகின்மேல் வார்னிஷ் ஒட்டாது என்பதால் டர்பெண்டைன் நனைத்த துணியால் பலமுறை துடைக்க வேண்டியிருந்தது. பிறகு நீர்வகை பாலியூரித்தேன் வார்னிஷ், மங்கல் ரகம், மெல்லியதாகச் சில பூச்சு. தொட்டால் சில மணி நேரத்தில் காய்ந்ததாகத் தோன்றினாலும் முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். இப்போது எந்த டம்ளரும் தடம் பதிப்பதில்லை. அடிநிறம் ஒரு படி கருத்துவிட்டது, கை வைத்தால் மரமும் இல்லாமல் தகரமும் இல்லாமல் ஏதோ ஞெகிழித் தாளைத் தொடுவதாகத்தான் இருக்கிறது. எண்ணெய் வகை வார்னிஷ் இதைவிடத் தடிப்பாக நிற்கும், ஆனால் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும்.

தன் பாட்டியின் பர்மா தேக்குப் பெட்டகத்தை வெள்ளையாக்கி ரோஜாக் கொடி ஒற்றலாமா என்று கேட்ட தோழியிடம், வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். தேக்கின் எண்ணெயும் சாயமும் வெளிர் நிறத்தினூடே பழுப்பாகக் கசியும். அதைத் தடுக்க அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூச வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவது காரணம். நல்ல தேக்கை மூடி அதன்மேல் செயற்கையாகப் பழமையை வரைவதில் என்ன பொருள் இருக்கிறது? ஸ்டென்சில் வேலை, தகரத்துக்கும் கள்ளிப்பெட்டிக்கும் ஏற்கெனவே பெயிண்ட் அடித்துக் கெடுத்த மரத்துக்கும் உரியது.

ஆக, தள்ளுபடி விலையிலும் இத்தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டென்சிலையும் தூரிகையையும் வண்ணத்தையும் தனித்தனியே வாங்குங்கள், மேசையாகப் பயன்படும் எதிலும் மெழுகைத் தொடாதீர்கள். இதை எழுதும் எனக்கு மெழுகின் இரண்டாவது டப்பா நேற்று வந்து சேர்ந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிவந்து சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஜன்னல் கதவில், கருமெழுகு தூரிகைத் தடங்களில் இறங்கிப் புது எழுத்தையும் பழைய மரத்தையும் ஒன்றாக்கிவிடுவதுபோல எந்த வார்னிஷும் செய்ததில்லை, அங்கே டம்ளர் வைக்கவும் வழியில்லை.