ஆலப்புழைக் கோடை: ஹவுஸ்போட்டா, சிக்காராவா, அரசுப் படகா?

ஏப்ரல், மே விடுமுறையில் ஆலப்புழை போகிறவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் ஹவுஸ்போட்டைப் பிடித்துவிடுகிறார்கள். ஒரு பகல் முழுக்க வாய்க்கால்களில் ஆற அமரச் சுற்றுவதுதான் ஆசை என்றால், என் கணக்கில் அதற்கு மூன்றாவது இடம்தான்.

சாப்பாட்டில் மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை. சுடச்சுடக் கரிமீன் பொரியலும் கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிச் சோறும் தட்டில் விழும். படுக்கை, கழிப்பறை உண்டு. கைக்குழந்தையோ முட்டிவலிக்காரரோ கூட வந்தால் வேறு பேச்சே வேண்டாம். ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு குறுகிய வாய்க்காலுக்குள் நுழைய முடியாது. வேம்பநாட்டு ஏரி, அகலமான கால்வாய்கள், அவ்வளவுதான். மீனவர்கள் வலை விரிக்கும் நேரமென்று மாலை ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள். பல படகுகளில் ஏசி இரவில் மட்டுமே ஓடும். மே மாத மதியத்தில் வியர்த்து வழிந்தபிறகு சண்டை போட்டுப் பயனில்லை, முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள்.

சிக்காரா என்பது கூரை போட்ட சின்னப் படகு; மணிக்கணக்கு வாடகை, பேரம் படியும். பெரிய படகு எட்டிப்பார்க்காத சந்துகளுக்குள் போகும். வெயில் ஏறுமுன் கிளம்பிவிட வேண்டும். இன்னொன்று: உப்புநீர் வயலுக்குள் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளைக் கோடையில் மூடி வைப்பார்கள். ஓட்டமில்லாத தண்ணீரில் ஆகாயத்தாமரை மண்டி, சில வாய்க்கால்கள் அடைத்தே கிடக்கும்.

எனக்குப் பிடித்தது அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் ஆலப்புழை–கோட்டயம் படகு. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம், டீயும் வடையும் சாப்பிடும் காசு. சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிப்பார்; இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் அந்த மணியைக் கேட்டுத்தான் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். படகுத்துறைக்குப் படகுத்துறை யாராவது அரிசிப் பையோடு ஏறுவார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் நீர்மட்டத்துக்கும் கீழே, குட்டநாட்டு வயல். கோட்டயம் நெருங்க நெருங்க வாய்க்கால் ஒடுங்கும், குறுக்கே தூக்குப்பாலங்கள். அவை பழுதானால் படகு கோட்டயத்துக்கு முன்னாலேயே காஞ்ஞிரம் துறையோடு நின்றுவிடும், ஏறும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் சேர்த்தும் போகலாம்: விடிகாலையில் சிக்காரா, பிறகு இந்தப் படகு. சென்னைக்காரர்களுக்கு இதில் கூடுதல் வசதி, திருவனந்தபுரம்–சென்னை மெயில் கோட்டயம் வழியாகத்தான் போகிறது.