ஆயில் நல்ல ஆயில், டப்பாதான் கெட்டுப்போனது

கம்பத்திலிருந்து குமுளிக்குத் தினமும் மலையேறி வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர், இனி வீட்டிலேயே வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றப் போவதாகவும், நான் ஊற்றும் ஆயிலையே வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். ஆயிலைப் பற்றி நாலு வரி போதும். அது வரும் டப்பாவைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை, கடையில் டப்பாவைக் கையில் எடுத்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் ஆயில். 10டபிள்யூ-30 கிரேடு (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது), ஜாசோ எம்.ஏ. முத்திரை (கியர் வண்டியின் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தர முத்திரை), 100 சிசி கியர் வண்டிக்கானது. லோயர் கேம்ப் தாண்டியதும் இரண்டாம் கியரிலேயே இழுத்து ஏறும் வளைவுகளில் எஞ்சின் எவ்வளவு சூடானாலும் கியர் முரண்டு பிடிக்காது, கிளட்ச் வழுக்காது. அடுத்த மாற்றம் வரைக்கும் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு பெரிதாக இறங்குவதில்லை. இந்த விலையில் இதைவிட எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஆனால் இத்தனை காலம் இதே ஆயிலை விடாமல் வாங்க வைத்தது அந்த டப்பாவின் பக்கவாட்டில் இருந்த அளவுப்பட்டை. மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக், அதையொட்டி 100 மி.லி.க்கு ஒரு கோடு. அவ்வளவுதான். வீட்டில் ஆயில் மாற்றுகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

கடையில் பெரும்பாலும் கிடைக்கும் அளவுகள் 800, 900 மி.லி., 1 லிட்டர். ஆனால் வண்டி பிடிக்கும் அளவு வேறு. 110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில், வடித்துவிட்டு ஊற்றும்போது 650 முதல் 700 மி.லி. போதும். எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கோர்த்தால்தான் 800 பிடிக்கும். "ஸ்கூட்டர் ஆயில்" என்று வாங்கிய 800 மி.லி. டப்பாவை அப்படியே கவிழ்த்தால் மிஞ்சுகிற ஆயில் பிரீதர் குழாய் (எஞ்சின் உள்காற்று வெளியேறும் வழி) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். ஃபில்டர் நனையும், பிக்கப் குறையும், சைலன்சரில் புகை வரும். ஆயில் நுரைத்தால் உராய்வைத் தடுக்கும் வேலையும் சரியாக நடக்காது. பிறகு "இந்த பிராண்ட் சரியில்லை" என்று பழி ஆயில் மேல் விழும்.

பட்டை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எஞ்சினை 3 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, அடிப் போல்ட்டைக் கழற்றி 10 நிமிடம் வடிய விட வேண்டும். புது அலுமினிய வாஷர் போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசி வரை திருக வேண்டும். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். அலுமினியக் கேஸ், பலம் காட்டினால் மரை போய்விடும். ஸ்கூட்டருக்கு முதலில் 600 ஊற்றி, எஞ்சினை 2 நிமிடம் ஓட்டி நிறுத்தி, இன்னும் 2 நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்து, ஐம்பது ஐம்பதாகச் சேர்க்கலாம். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் துளையில் சும்மா வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு அதிகமாகத் தெரியும்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு பலனும் பட்டையில் இருந்தது. மிச்ச ஆயிலை டாப்-அப் செய்ய வைத்திருப்போம் இல்லையா? போன மாதம் 200 கோட்டில் இருந்தது இந்த மாதம் 100-க்கு வந்தால், வண்டி எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். கீழே ஒழுக்கு இல்லாமல் இப்படிக் குறைந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்கச் சொல்லலாம். புகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது வரும் டப்பாவில் அந்தப் பட்டை இல்லை. சுற்றிலும் பளபளவென்று படம் அச்சடித்த உறை, உள்ளே இருட்டு. கோடு கிடையாது. விலையைக் குறைத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். குறைத்ததை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆயில் அதே ஆயில்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரை மனதில் வைத்து இதைச் செய்தார்கள்? ஒர்க்‌ஷாப்பில் அளவுக் குவளை இருக்கும். வீட்டு வாசலில் உட்கார்ந்து மாற்றுகிறவருக்கு இருந்த ஒரே அளவுகோலைப் பிடுங்கிவிட்டார்கள்.

மாற்று வழி உண்டு. எஞ்சின் ஆயிலின் அடர்த்தி 0.87-ஐ ஒட்டியே இருக்கும். 700 மி.லி. என்றால் சுமார் 610 கிராம், 100 மி.லி. என்றால் 87 கிராம். ஏலக்காய் நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இந்தப் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் டப்பாவை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, ஊற்ற ஊற்ற எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். அளவு துல்லியமாகவே வரும். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய டப்பாவுக்குத் தராசு தேட வைப்பது நியாயமில்லை.

புது டப்பாவின் வாயிலும் கோளாறு இருக்கிறது. ஃபாயில் சீலில் இழுக்கக் காது இல்லை. அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தாதீர்கள். கிழிந்த துண்டு ஆயிலோடு உள்ளே போனால் அடியிலிருக்கும் வலைச் சல்லடையில் போய் ஒட்டும். பம்ப்புக்கு ஆயில் வரத்து குறையும். பிளேடால் ஓரமாக வட்டம் வெட்டி முழுசாக எடுங்கள், விளிம்பைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஊற்றும்போது வாய் மேல்பக்கம் இருக்கும்படி டப்பாவைப் படுக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். காற்று உள்ளே போக வழி கிடைக்கும், குபுக் குபுக்கென்று எஞ்சின் மேல் சிந்தாது. ஸ்கூட்டரில் துளை கீழே ஒளிந்திருக்கும், குழாய் வைத்த புனல் இல்லாமல் ஆகாது.

பிராண்ட் விசுவாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியன் ஆயில் பங்க்கில் பெட்ரோல் போடுகிறவர் கையில் சர்வோ, ஹெச்.பி. பங்க்கில் ரேசர், பாரத் பங்க்கில் மேக். தோனி விளம்பரத்தில் வந்ததிலிருந்து கல்ஃப்தான் என்று நிற்பவர்களும் உண்டு. மெக்கானிக் சொல்வதில் சில சமயம் கம்பெனி தரும் கூப்பனுக்கும் பங்கு இருக்கும். இவற்றில் எதிலும் தப்பில்லை, டப்பாவில் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் கிரேடும் ஜாசோ முத்திரையும் இருக்கிறவரை. கியர் வண்டிக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான எம்.பி. ஆயிலைக் கியர் வண்டியில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஜீப்புக்கு வாங்கிய டீசல் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: ஜாசோ எம்.ஏ. முத்திரை இல்லாவிட்டால் பைக்குக்கு வேண்டாம்.

ஆடி மழையில் குமுளி டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் ஆயில் மூடியின் உட்புறம் பால் நிறத்தில் கசடு படியும். உடனே பிராண்டை மாற்றுகிறார்கள். காரணம் பிராண்ட் இல்லை. ஒன்றிரண்டு கிலோமீட்டரில் நிறுத்தினால் எஞ்சின் முழுச் சூடு ஏறாது, உள்ளே தங்கும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கும். வாரம் ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டினால் சரியாகும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்திருந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள்.

நண்பருக்கு என் பதில்: இந்த ஆயிலை வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கிரேடில் இதுதான் நல்ல ஆயில், இருந்தாலும் வாங்காதீர்கள். அதே கிரேடு, அதே முத்திரை, பக்கத்தில் அளவுப்பட்டை: இந்த மூன்றும் உள்ள டப்பா எந்தக் கம்பெனியுடையதானாலும் எடுங்கள். பட்டை திரும்பி வந்தால் அன்றைக்கே நானும் திரும்புவேன்.

பழைய டப்பா ஏதாவது ஒரு கடையில் கிடைத்தால் தயாரிப்புத் தேதி பாருங்கள். மூடி வளையம் அறுபடாமல் இருக்க வேண்டும், ஃபாயில் விளிம்பு முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். காலி டப்பாவில் மட்ட ஆயில் நிரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் காலி டப்பாவைக் குமுளி ஆக்ரிக் கடைக்கோ (அங்கே பழைய சாமான் கடைக்கு அதுதான் பெயர்) கம்பம் பழைய இரும்புக் கடைக்கோ போடும் முன் அடியில் கத்தியால் குறுக்கே கீறிவிடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், கழிவு ஆயில் டிரம் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.