எல்லையோரத் தமிழர் கணக்குக்கு மூன்று அரசுத் தளங்கள்: எது உதவும், எங்கே சறுக்கும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தேவிகுளம் தாலுகாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்? ஆந்திரத்தின் நகரித் தொகுதியில் எந்த வாக்குச் சாவடியில் யாருக்கு எவ்வளவு வாக்கு? பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள்? மனு எழுதுபவர்களும் செய்தியாளர்களும் ஆய்வு மாணவர்களும் கேரள, ஆந்திர எல்லையில் அடிக்கடி தேடும் கணக்குகள் இவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் ஆணையம், அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு ஆகிய மூன்று தளங்களுமே இலவசம். முதல் கேள்விக்கு முழு விடை உண்டு. இரண்டாவதற்கு உழைத்தால் கிடைக்கும். மூன்றாவதற்கு விடையே இல்லை. இருப்பதுபோல் தோன்றுவதுதான் ஆபத்து.

மூன்றில் நம்பி இறங்கக்கூடியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம்தான். 2011 கணக்குதான் இன்னும் கடைசி முழுக் கணக்கு என்பது பெரிய குறை. அடுத்ததற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பழையதானாலும் ஆழம் அதில்தான் இருக்கிறது. கேரளத்தின் 3,34,06,061 பேரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் ஐந்து லட்சம், அதாவது ஒன்றரை சதவீதம். இந்த மாநிலச் சராசரியை வைத்துக்கொண்டு எந்த மனுவும் எழுத முடியாது. மாவட்டத்திலோ தாலுகாவிலோ நகராட்சியிலோ 15 முதல் 20 சதவீதம் மொழிச் சிறுபான்மையினர் இருந்தால் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது 1956-ல் மத்திய அரசு வகுத்த ஏற்பாடு. ஆகவே நமக்குத் தேவை தாலுகாக் கணக்கு. அது சி-16 என்ற தாய்மொழி அட்டவணையில் இருக்கிறது.

சி-16 கோப்பை மாநிலவாரியாக இறக்க வேண்டும். 2011 குறியீட்டில் கேரளம் 32, ஆந்திரம் 28. பாலக்காடு மாவட்டம் 593, இடுக்கி 596, ஆந்திரச் சித்தூர் 554. மாவட்டப் பெயரைத் தட்டித் தேடாமல் இந்த எண்ணை வைத்தே வடிகட்டுங்கள். பாலக்காட்டில் ஒரு சித்தூர் தாலுகா, ஆந்திரத்தில் ஒரு சித்தூர் மாவட்டம். ஆங்கில எழுத்தில் ஓரிரு எழுத்துதான் வேறுபாடு. துணை மாவட்டக் குறியீடு 00000 என்றிருக்கும் வரி மாவட்டத்தின் கூட்டுத்தொகை, மற்றவை தாலுகாக்கள். எக்செல்லில் குறியீட்டுப் பத்தியை எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும், பிறகு வடிகட்டி வேலை செய்யாது. உரையாகவே விட்டுவிடுங்கள்.

அடுத்துத்தான் பலர் தவறும் இடம். '20 தமிழ்' என்று பெரிய எழுத்தில் வரும் வரி ஒரு தொகுப்பு. அதன் கீழே தமிழ், இருளர் மொழி, கொரவ, கைக்காடி, எருகுல என்று தனித்தனி வரிகள் வரும். பத்தி முழுவதையும் கூட்டினால் எல்லோரும் இரண்டு முறை எண்ணப்படுவார்கள். தொகுப்பு வரியை மட்டும் எடுத்தால் ஆந்திரத்தில் எருகுல பேசுவோரும், அட்டப்பாடியில் இருளர் மொழி பேசுவோரும் தமிழர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். மொழிச் சிறுபான்மை மனுவுக்குக் கீழே உள்ள 'தமிழ்' வரியையே எடுங்கள். அதிகாரி கோப்பைத் திறந்து சரிபார்த்தாலும் அது நிற்கும். இன்னொன்று: 2011-ல் அட்டப்பாடி தனித் தாலுகா அல்ல, மன்னார்க்காட்டுக்குள் இருந்தது. இன்றைய அட்டப்பாடித் தாலுகாவைப் பழைய கோப்பில் தேடினால் கிடைக்காது. சதவீதம் போட, அதே தாலுகாவின் மொத்த மக்கள்தொகையை அதே தளத்தின் முதன்மைச் சுருக்கக் கோப்பிலிருந்து (Primary Census Abstract) எடுத்து வகுக்க வேண்டும். கேரளத்தில் ஊரகப் பத்தியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். 2001-ல் 99 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011-ல் 461 ஆகிவிட்டன. பஞ்சாயத்து ஆட்சியிலேயே இருக்கும் பல ஊர்கள் நகர்ப்புறப் பத்திக்குப் போய்விட்டன.

ஆந்திரப் பக்கம் வேறொரு சிக்கல். 2011 கோப்பில் தெலங்கானாவும் சேர்ந்த 23 மாவட்ட ஆந்திரம் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் 41,74,064 என்ற எண் பழைய பெரிய சித்தூருக்குரியது. 2022 ஏப்ரல் 4-ல் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது அதன் பகுதிகள் திருப்பதி, அன்னமய்யா மாவட்டங்களுக்கும் போயின. 'சித்தூரில் 41 லட்சம் பேர்' என்று இன்றைய மாவட்டத்துக்கு எழுதுவது தவறு. மண்டலவாரியாக (ஆந்திரத்தில் தாலுகாவுக்கு இணையான பிரிவு) எடுத்து, இன்றைய மாவட்டத்தில் உள்ள மண்டலங்களை மட்டும் கூட்டினால் சரியாக வரும்.

மண்டலக் கணக்கு தேர்தல் வேலைக்கும் கைகொடுக்கிறது. நகரித் தொகுதி என்பது நகரி, நிண்ட்ரா, விஜயபுரம், புத்தூர், வடமாலப்பேட்டை ஆகிய ஐந்து மண்டலங்கள். ஐந்தின் மக்கள்தொகையைக் கூட்டினால் தொகுதியின் மக்கள்தொகை வந்துவிடும். கேரளத்தில் இந்த வசதி கிடையாது. அங்கே தொகுதி பஞ்சாயத்துவாரியாக வரையறுக்கப்பட்டது, கணக்கெடுப்போ வருவாய்க் கிராமவாரியாக எடுக்கப்பட்டது. இரண்டின் எல்லையும் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. தேவிகுளம் தொகுதியில் தமிழர் இத்தனை சதவீதம் என்று புள்ளிவைத்து யாராவது எழுதினால், எந்தக் கிராமங்களைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

தேர்தல் ஆணையத் தளத்தில் எடுக்க வேண்டியது புள்ளிவிவர அறிக்கையின் 'விரிவான முடிவுகள்' எக்செல் கோப்பு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் பொது வாக்கும் தபால் வாக்கும் தனித்தனியாக இருக்கும். சதவீதத்துக்கு இரண்டு பத்திகள் உண்டு: மொத்த வாக்காளர்களில் எவ்வளவு, பதிவான வாக்குகளில் எவ்வளவு. அவசரத்தில் முதல் பத்தியை எடுத்து, வென்றவருக்கு 35 சதவீதம்தான் கிடைத்தது என்று எழுதிவிடுவது வழக்கமாக நடக்கிறது. வாக்காளர் எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் அறிவிக்கப்பட்டது 96.88 கோடி, இறுதி அறிக்கையில் 97.97 கோடி. வேட்புமனுவின் கடைசி நாள் வரை பட்டியலில் பெயர் சேர முடியும் என்பதால் முன்பின் எண்கள் ஒத்துப்போகாது. எந்த நாளின் பட்டியல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாவடிவாரிக் கணக்கு படிவம் 20-ல் இருக்கிறது. அதை மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில்தான் தேட வேண்டும். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப், சில பக்கங்கள் சாய்ந்தும் மங்கியும் கிடக்கின்றன. மென்பொருளால் எழுத்தாக மாற்றினால் 1-ம் 7-ம், 3-ம் 8-ம் இடம் மாறும். வேட்பாளர் வாக்குகளைக் குறுக்கே கூட்டி, செல்லத்தக்க மொத்தத்தோடு ஒவ்வொரு வரியிலும் ஒப்பிடுங்கள். ஒவ்வாத வரிகளை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும். நோட்டா அந்த மொத்தத்தில் சேராது. கடைசிப் பக்கத்தின் தபால் வாக்கை விட்டுவிடக் கூடாது. நகரியில் வெற்றி வித்தியாசம் 2014-ல் 858, 2019-ல் 2,708. இப்படிப்பட்ட தொகுதியில் தபால் வாக்கு இல்லாத கூட்டல் ஆய்வையே கவிழ்த்துவிடும். சாவடி எண்ணை வைத்து இரண்டு தேர்தல்களை ஒப்பிடவும் கூடாது. சாவடிகள் பிரிந்து எண்கள் நகர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள். நாட்டின் பொதுச் சொத்தான இந்தக் கணக்கை ஆணையம் எக்செல்லாகவே தர வேண்டும். எண்கள் கணினியில்தானே தட்டப்படுகின்றன, அச்சிட்டு ஸ்கேன் செய்து போட என்ன அவசியம்?

ஆணையத்தின் அறிக்கை வாக்கு எண்ணிக்கை முடிந்த நாளோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2021-ல் தேவிகுளத்தில் வென்ற அ. ராஜாவின் தேர்வை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. கோப்பில் இதன் தடயமே கிடையாது.

உயர்கல்விக் கணக்கெடுப்பு 2010-11-ல் தொடங்கியது. 2021-22 அறிக்கையின்படி நாட்டில் 4.33 கோடி மாணவர்கள், மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதினர் நூறு பேருக்கு உயர்கல்வியில் எத்தனை பேர் என்ற கணக்கு) 28.4. தமிழ்நாடு 47, கேரளம் 41.3. நாடு தழுவிய போக்கைப் பார்க்க நல்ல அறிக்கை. ஆனால் பழைய ஆண்டோடு நேராக ஒப்பிட முடியாது. தமிழ்நாட்டின் விகிதம் 2019-20-ல் 51.4 என்றும், 2020-21-ல் 46.9 என்றும் அச்சாகியிருக்கிறது. பிள்ளைகள் குறையவில்லை, கீழே வகுக்கும் எண் மாறியது. முன்பு 2001 கணக்கெடுப்பை வைத்து 18 முதல் 23 வயதினரைக் கணித்தார்கள், 2020-21 முதல் 2011-ஐ வைத்துக் கணிக்கிறார்கள். இந்திய அளவில் 27.1 என்றிருந்த 2019-20 விகிதம் புதிய முறையில் 25.6.

எல்லையோரத்துக்கு இந்த அறிக்கை உதவாததற்குக் காரணம் வேறு. கணக்கைத் தருவது கல்லூரி, மாணவரின் வீடு அல்ல. வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் படிக்கும் கொழிஞ்சாம்பாறைப் பெண், சேர்க்கையில் தமிழ்நாட்டுக் கணக்கு. வயது மக்கள்தொகையில் கேரளக் கணக்கு. மூணாறிலிருந்து போடிக்கோ, சத்தியவேட்டிலிருந்து சென்னைக்கோ படிக்கப் போகிறவர்களுக்கும் இதேதான். இப்படிப் போவோர் கூடக் கூட அவர்களின் சொந்த மாநிலத்தின் விகிதம் இறங்கும். தாய்மொழி விவரம் அறிக்கையில் இல்லை, விகிதமும் மாநில அளவோடு நின்றுவிடுகிறது. கொழிஞ்சாம்பாறைக் கணக்கு வேண்டுமென்றால் ஒரே வழி, அந்தந்தப் பஞ்சாயத்தில் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலை எடுத்து, எந்த மாநிலத்தில் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று வீடுவாரியாகக் கேட்பது.