மியூனிக்கிலிருந்து ஒரு நாள்: ரோத்தன்பர்க்கா, நோர்ட்லிங்கனா, டிங்கல்ஸ்ப்யூலா?

மூன்றுமே தெற்கு ஜெர்மனியின் 'ரொமான்டிக் சாலை' என்கிற சுற்றுலாப் பாதையில் வரிசையாக இருக்கிற, மதில் சூழ்ந்த ஊர்கள். போட்டோவில் எது எதென்று குழம்பிவிடும். ஆனால் காலையில் மியூனிக்கில் ரயிலேறி ராத்திரி திரும்ப நினைப்பவருக்கு மூன்றும் ஒன்றல்ல. என் ஓட்டு நோர்ட்லிங்கனுக்கு.

ரோத்தன்பர்க் அழகு, அதில் சந்தேகமே இல்லை. புனித யாக்கோபு தேவாலயத்தில் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி மரத்தில் செதுக்கிய பீடம் ஒன்றுக்காகவே போகலாம். 1945 மார்ச் குண்டுவீச்சில் ஊரின் கிழக்குப் பக்கம் பெரிதும் அழிந்து, பழைய சாயலிலேயே திரும்பக் கட்டினார்கள். மதிலைச் சீரமைக்கப் பணம் கொடுத்தவர்களின் பெயர்க்கற்கள் வழியெங்கும் இருக்கும், ஜப்பானியப் பெயர்கள்கூட. சிக்கல் தூரம்தான். வட்டார ரயில்களில் மாறி மாறிப் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம். பவேரியா மாநில வட்டார ரயில்களுக்கான ஒரு நாள் சீட்டான பயர்ன் டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதால், அதை நம்பிக் கிளம்பினால் போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும், சரியாகச் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் சந்துகளை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரம். அந்த ஊரின் சுகமே கூட்டம் கலைந்த பிறகு, இரவுக் காவலர் வேடத்தில் ஒருவர் விளக்கோடு கதை சொல்லிக் கூட்டிப்போகும்போதுதான். அதற்கு அங்கே தங்க வேண்டும். நியூரம்பெர்கில் இருப்பவர்கள் யோசிக்காமல் போகலாம், அவர்களுக்குப் பாதித் தூரம்கூட இல்லை.

நோர்ட்லிங்கனுக்கு டோனாவொர்த்தில் மாறினால் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே ஊரே ஒரு விண்கல் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது! ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த கல், 25 கி.மீ. அகலத்துக்குப் பள்ளம். 1970-இல் அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் நிலவுப் பாறைகளை அடையாளம் காணப் பழகியது இங்கேதான். 'டேனியல்' என்கிற தேவாலயக் கோபுரம் அந்த மோதலில் உண்டான சுவெவைட் பாறையில் எழுப்பியது, கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள்கள் உள்ள பாறை. 350 படி, முழங்கால் ஒத்துழைத்தால் ஏறிவிடுங்கள்: வட்டமான ஊரும், அதைச் சுற்றி வெகுதூரத்தில் பள்ளத்தின் விளிம்பும் மேலிருந்துதான் புரியும். அப்புறம் மதில். சுமார் 2.7 கி.மீ., கூரை போட்ட நடைபாதை, ஒரு இடத்திலும் இறங்காமல் முழுச் சுற்று வரலாம், காசும் கிடையாது. ரோத்தன்பர்க்கில் இப்படி முழு வட்டம் கிடைக்காது. ஒரே குறை, கோபுரக் காவலர் ராத்திரி பத்து மணிக்கு மேல் மேலிருந்து குரல் கொடுக்கும் பழைய வழக்கம் பகலில் வந்து போகிறவருக்குக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஆகவே ஷாப்பிங் ஆசையோடு வராதீர்கள்.

டிங்கல்ஸ்ப்யூல் போரில் சேதமாகாமல் தப்பிய ஊர், மூன்றிலும் அமைதியானதும் அதுதான். ஆனால் வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது, பஸ்தான், அதுவும் சனி ஞாயிறில் குறைவு. ரயிலை நம்பிப் போகிறவர் விட்டுவிடலாம். கார் இருந்தால் நோர்ட்லிங்கனிலிருந்து 30 கி.மீ. சொச்சம்தான், காலையில் அங்கே கோபுரமும் மதிலும் முடித்துவிட்டு மாலைக்கு இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதே நாளில் ரோத்தன்பர்க்கையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும்.