49 ரூபாய்க்கு வில்லங்கம் பார்த்த கதை

நிலம் வாங்குகிறவர்கள், வாங்க நினைக்கிறவர்கள், முக்கியமாக ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே போனில் பத்திர விவரம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நான் அப்படித் தேடித்தான் மாட்டினேன்.

ஆடி கடைசி வாரம். வீராணம் பக்கம் 1,200 சதுர அடியில் ஒரு மனையை என் மாமனார் பேசி வைத்திருந்தார். ஆடியில் எதுவும் செய்ய மாட்டார்கள் என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் அட்வான்ஸ் 2 லட்சம் என்று ஏற்பாடு. அவர் நாற்பது வருடம் தறி ஓட்டிச் சேர்த்த காசு. "மாப்பிள்ளை, நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு, வில்லங்கம் மட்டும் பார்த்துச் சொல்லிருங்க" என்று சர்வே நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வில்லங்கம் என்றால், அந்த மனைமேல் விற்பனை, அடமானம் என்று என்னென்ன பதிவாகியிருக்கிறது என்ற விவரம். கம்ப்யூட்டர் தெரிந்தவர்! நான் வேலை பார்ப்பது ஒரு மில்லில், கணக்கு எழுதுகிற இடத்தில்.

பதிவுத்துறையின் தளத்தில் எனக்குக் கணக்கு உண்டு, பாஸ்வேர்டுதான் மறந்துபோச்சு. அதை மீட்கச் சோம்பல்பட்டு, தேடுகிற இடத்தில் 'வில்லங்கச் சான்று ஆன்லைன்' என்று அடித்தேன். முதலில் வந்ததைத் தொட்டேன். அதற்கு மேலே பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு', அதாவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம், என்று இருந்ததை அன்றைக்குக் கவனிக்கவே இல்லை, பிறகு போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உள்ளே போனால் நம் அரசு முத்திரையின் கோபுரம், கீழே 'வாய்மையே வெல்லும்'. தமிழிலும் இருந்தது, தப்பும் தவறுமான தமிழ், ஆனால் அரசுத் தளங்களிலும் சமயத்தில் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாவட்டம், கிராமம், சர்வே நம்பர் போட்டதும் ஒரு வட்டம் சுற்றுகிறது, 'பதிவுத்துறை ஆவணங்கள் தேடப்படுகின்றன', 'வருவாய்த்துறை ஆவணங்கள் தேடப்படுகின்றன', 'நீதிமன்ற வழக்குகள் தேடப்படுகின்றன' என்று ஒவ்வொன்றாகப் பச்சை டிக் விழுகிறது. கடைசியில் '7 பதிவுகள் கிடைத்தன. பார்க்க 49 ரூபாய்'. பக்கத்தில் பத்து நிமிடம் கவுண்டவுன் வேறு ஓடுகிறது. ஒரு தட்டுவடை செட்டும் டீயும் ஆகிற காசு, போனால் போகிறது என்று யுபிஐ பின் நம்பரைப் போட்டேன்.

வந்தது நான்கு பக்க பிடிஎஃப். நான் அடித்துக் கொடுத்த கிராமப் பெயரும் சர்வே நம்பரும் பெரிய எழுத்தில். அப்புறம் வழிகாட்டி மதிப்பு (நிலத்துக்கு அரசு வைத்திருக்கிற விலை), கிராமத்தின் மக்கள்தொகை, ஒரு மேப். நாலாவது பக்கத்தில் பச்சைக் கட்டம் போட்டு, 'வில்லங்கம் எதுவும் கண்டறியப்படவில்லை'. ஏழு பதிவு எங்கே என்று தேடினால், அதற்கு 'பிரீமியம் திட்டம்' வாங்க வேண்டுமாம். சரி, வில்லங்கம் இல்லை என்று சொல்லிவிட்டானே, அது போதும் என்று மறுநாள் கலர் பிரிண்ட் எடுத்து மாமனார் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் உறுத்துகிறது.

எங்களைக் காப்பாற்றியவர் பத்திர எழுத்தர். அட்வான்ஸுக்கு முந்தின நாள் அக்ரிமென்ட் எழுதச் சொல்லிப் போனோம். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க எடுத்தீங்க தம்பி? எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் தேடினாங்கன்னே இதுல இல்லையே? எந்த சார்பதிவாளர் ஆபீஸ்னும் இல்ல. வில்லங்கமே இல்லைன்னாலும் அதெல்லாம் போட்டுத்தான் வரும்." பிறகு அவரே பதிவுத்துறை தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேதி, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு என்று வரிசையாகப் போட்டார். பைசா செலவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரிஜினல் வில்லங்கம் வந்தது. 2021-ல் அந்த மனைப் பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்த பதிவு அதில் இருக்கிறது, கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. மனைக்காரரைக் கேட்டால், "கட்டியாச்சுங்க, ரசீதுதான் போடல" என்கிறார். கட்டியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாங்கள் அட்வான்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மாமனார் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி கோபத்தில் அந்தத் தளத்தை மறுபடி திறந்து, இருக்கவே இருக்காத சர்வே நம்பராக 99999 என்று போட்டேன். வட்டம் சுற்றியது, டிக் விழுந்தது, '7 பதிவுகள் கிடைத்தன'. கிராமத்தை மாற்றி ஏற்காடு தாலுகாவில் ஒன்றைப் போட்டேன், அங்கேயும் ஏழு. அவன் எங்கேயும் தேடவே இல்லை, அது வெறும் பொம்மலாட்டம். அந்தப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பின்னணியில் அதைவிடக் கொஞ்சம் கருத்த சாம்பல் எழுத்தில், ஆங்கிலத்தில், 'இது தனியார் தளம், எந்த அரசுத் துறையோடும் தொடர்பில்லை, விவரங்களின் சரித்தன்மைக்குப் பொறுப்பல்ல' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் தப்பிக்கிறார்கள்.

கதை இதோடு முடியவில்லை. புரட்டாசியில் பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்கும்போதுதான் 799 ரூபாய் இரண்டு தடவை போயிருப்பது தெரிந்தது. 49 ரூபாய்க்கு என்று நினைத்து நான் பின் போட்ட திரையில் இருந்தது ஆட்டோபே மேண்டேட், அதாவது என் கணக்கிலிருந்து அவர்களே தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுக்கிற அனுமதி. ஐந்து நாள் கழித்து 799, பிறகு மாதாமாதம் 799. அந்தத் திரையில் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதுவரைக்கும் என்றெல்லாம் போட்டிருக்கும், யார் படிக்கிறோம்? ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால் அப்புறம் பொதுவாக 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் பின் கேட்காமலே எடுக்கலாம். எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி, அனுப்பியும் இருக்கிறார்கள், நான்தான் விளம்பர மெசேஜ் என்று தள்ளிவிட்டேன். ஆக மொத்தம் 1,647 ரூபாய்.

நிறுத்துவது சுலபம், அந்தக் கம்பெனியைக் கெஞ்ச வேண்டியதே இல்லை. உங்கள் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி இருக்கும், அதில் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும், வேண்டாததைத் தொட்டு ரத்து செய்து பின் போட்டால் முடிந்தது. நான் போய்ப் பார்த்தபோது இரண்டு வருடத்துக்கு முன்னால் பையன் விளையாடிய ஏதோ கேமுக்குக்கூட ஒன்று உயிரோடு இருந்தது.

பணம் திரும்ப வரவில்லை. மெயில் போட்டேன், 'டிஜிட்டல் அறிக்கைக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்று இரண்டு வரி வந்தது. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லி, சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். நானே பின் போட்டுக் கொடுத்த பணம் என்பதால் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லி வைத்திருக்கிறேன். 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'டார்க் பேட்டர்ன்' (தளத்தை வடிவமைக்கிற விதத்திலேயே ஆளை ஏமாற்றுவது) வழிகாட்டுதலில் பதின்மூன்று தில்லுமுல்லுகளைத் தடை செய்திருக்கிறார்கள். சந்தாவில் சிக்க வைப்பது, பொய்யாக அவசரப்படுத்துவது, விளம்பரத்தை விளம்பரம் மாதிரித் தெரியாமல் காட்டுவது, மூன்றுமே அதில் இருக்கிறது. என் விஷயத்தில் மூன்றும் நடந்திருக்கிறது. பார்ப்போம்.

போன் நம்பர் கொடுத்ததற்கு இன்னொரு பலன்: "சார், லேண்ட் வாங்குறீங்களா, லோன் வேணுமா" என்று தினம் நாலு போன். அதை எந்த ஆப்பிலும் ரத்து செய்ய முடியவில்லை.

இனி நான் செய்வது இதுதான். வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில், பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில். முதலாவது 'ஜிஓவி டாட் இன்', இரண்டாவது 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிற முகவரி. பார்ப்பதற்குக் காசு கிடையாது, சான்றிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். தேடி எடுக்காமல் முகவரியை நானே அடித்து, போனில் சேமித்தும் வைத்துவிட்டேன். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு எந்தத் தளமும் உதவாது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பதிவு செய்யாத அக்ரிமென்ட் ஒரிஜினல் வில்லங்கத்திலும் வராது என்று பத்திர எழுத்தர் தனியாகச் சொன்னார். 300 ரூபாய் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார், சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன்.

இதை இன்றைக்கு எழுதக் காரணம், நேற்று பக்கத்து வீட்டு அக்கா தன் மகளின் பிறப்புச் சான்றிதழ் தேட வேண்டும் என்று போனை நீட்டினார். அதே பச்சை டிக், அதே சுற்றும் வட்டம், பெயர்தான் வேறு. அவர் பின் போடப் போகிற நேரத்தில் போனை வாங்கி, பிறந்த தேதியாக அடுத்த வருடம் தை ஒன்றைப் போட்டுக் காட்டினேன். '3 பதிவுகள் கிடைத்தன' என்று வந்தது.