புது ஹெட் என்று சொல்லி என் பழைய ஹெட்டையே எனக்கு விற்றார்கள்

பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது, முடிகிற வரைக்கும் பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் சம்பா உழவு வரப்போகிறது, ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பழைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர், அவர்களில் யாராவது ஒருவர் என்னைப் போல 32,000 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் போதும்.

வண்டி 1996 மாடல் மாசி ஃபெர்குசன் 1035, அப்பா வாங்கியது. மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜின், அந்தச் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் இரும்புப் பாகம்தான் ஹெட். இத்தனை வருடத்தில் அந்த என்ஜினைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

முதல் தப்பு என்னுடையதுதான், அதை மறைக்கவில்லை. டெம்பரேச்சர் முள் மூன்று வருடமாக அசையவே இல்லை, "ஓடுதுல்ல, விடு" என்று விட்டுவிட்டேன். ரேடியேட்டரில் சண்டும் தூசியும் அப்பிக் கிடந்தது. ஃபேன் பெல்ட்டும் தளர்ந்திருந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவைக்குச் சேற்றுழவு ஓடிக்கொண்டிருந்த நேரம், சேற்றில் ஓட்டுகிற கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் மாட்டி என் மச்சான் ஓட்டினான். மத்தியானம் இரண்டு மணி வெயில், வண்டி ஆவி கக்கியது. அவன் பதறிப்போய் அணைத்துவிட்டு, மூடியைச் சாக்கை வைத்துத் திறந்து, பக்கத்து வாய்க்காலில் ஒரு வாளி தண்ணீர் மொண்டு அப்படியே ஊற்றிவிட்டான். "டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு மாமா" என்று அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான்.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. ஹெட் வார்ப்பிரும்பு. கொதித்துக் கிடக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் பட்ட இடம் மட்டும் சட்டென்று சுருங்கும், மற்ற இடம் விரிந்தபடியே இருக்கும், வளைந்து கொடுக்கிற குணம் அதற்குக் கிடையாது, எங்கே ஒடுக்கமாக இருக்கிறதோ அங்கே விட்டுவிடும். பெரும்பாலும் இரண்டு வால்வு சீட்டுக்கும் (வால்வு வந்து உட்காரும் இடம்) நடுவில் இருக்கும் ஒல்லியான இடத்தில்தான் விரிசல் விழுகிறது.

மறுநாள் ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டருக்குள் சோறு கொதிக்கிற மாதிரி குமிழ். புகை வெள்ளையாக வந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தது. அப்போதே நிறுத்திவிட்டேன், அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன். அந்த ஆயிலில் ஓட்டியிருந்தால் பேரிங் எல்லாம் போயிருக்கும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் ஒரு பட்டறையைக் காட்டிவிட்டார். (கமிஷன் உண்டு என்று பிறகு தெரிந்தது.) பட்டறைக்காரர் வந்தார், ஆயில் கம்பியை உருவினார், முகர்ந்து பார்த்தார், "ஹெட் கிராக்குண்ணே. புதுசுதான் போடணும்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஒரு போல்ட்கூட இன்னும் கழற்றவில்லை! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆயிலில் தண்ணீர், வெள்ளைப் புகை, குமிழ், இந்த மூன்றும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும், அடியில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு) எரிந்திருந்தாலும் வரும், ஹெட் வளைந்திருந்தாலும் வரும். ஹெட்டைக் கழற்றிச் சோதிக்காமல் விரிசல் என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது. என் வண்டியில் விரிசல் இருந்தது உண்மைதான், அவர் வாயில் வந்தது பலித்துவிட்டது, அவ்வளவுதான்.

நாற்று வயது ஏறிக்கொண்டிருந்தது. வாடகை வண்டிக்கு மணிக்கு 1,200 ரூபாய், அதுவும் கேட்ட நாளில் கிடைக்காது. சரி, போடுங்கள் என்றேன்.

நாலாம் நாள் வண்டி வந்தது. ஹெட் பளபளவென்று பெயிண்ட் வாசனையோடு இருந்தது. கணக்கைப் பாருங்கள்: புது ஹெட் 18,500, கேஸ்கெட் செட் 2,200, இன்ஜெக்டர் சர்வீஸ் 2,400, ஆயிலும் ஃபில்டரும் 2,900, கூலி 6,000. ஆக மொத்தம் 32,000, ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் கேட்டேன், "பில்லுன்னா வரி தனியா ஆகுமேண்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். பழைய ஹெட் எங்கே என்று கேட்டேன். "பழைய இரும்புக்காரன் காலைலதான் அள்ளிட்டுப் போனான்." எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஓட்டை ஹெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால் ரேடியேட்டரில் அரை வாளி தண்ணீர் குறைந்திருக்கிறது. பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், ஏர் லாக்காக (தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்துக்கொள்வது) இருக்கும், ஊற்றி ஓட்டுங்கள், சரியாகிவிடும் என்றார். ஊற்றி ஓட்டினேன். மறுபடி குமிழ். நேரில் போய் நின்றதும் குரல் மாறிவிட்டது. "ஹெட்டு புதுசு, அதுல ஒண்ணும் இல்ல. உங்க பிளாக்லயே கிராக் இருக்கு. என்ஜினை இறக்கணும், ஒரு நாப்பது ஆகும்."

வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. நாற்பதைக் கேட்டு மயங்கி ஒரு பழைய வண்டி வியாபாரிக்குப் போன்கூடச் செய்துவிட்டேன், என்ஜின் போன வண்டிக்கு அவர் சொன்ன விலையை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்புறம் அம்மாதான், அப்பா காலத்தில் வேலை பார்த்த மேஸ்திரியைப் போய்ப் பார் என்றார். மன்னார்குடிப் பக்கம், எழுபது வயது தாண்டியவர், இப்போது பட்டறை எல்லாம் இல்லை, மகன்தான் செய்கிறார், இவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லுவார்.

மகன் ஹெட்டைக் கழற்றினார். பெரியவர் கம்பி பிரஷை வாங்கி ஹெட்டின் பக்கவாட்டில் பெயிண்டைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் ஏதோ பழக்கத்தில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் தேய்த்துவிட்டு, "தம்பி, இங்க வாங்க, இது யார் ஹெட்டுன்னு பாருங்க" என்றார்.

மூன்று புள்ளிகள். பஞ்ச் வைத்து அடித்த, முக்கோணமாக இருக்கும் மூன்று புள்ளிகள். பல வருடத்துக்கு முன்னால் வால்வு சீட் வேலைக்கு லேத் பட்டறைக்கு அனுப்பும்போது, அங்கே ஹெட் மாறிவிடக் கூடாது என்று இவரே அடித்த அடையாளம்!

அடிப்பக்கத்தைத் திருப்பினால் மிச்சமும் தெரிந்தது. நடு சிலிண்டரில் இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவே, சுற்றியுள்ள கறுப்புக்கு நடுவில் வெள்ளி மாதிரி ஒரு கோடு, விரலளவுகூட நீளமில்லை. விரிசலின் மேல் வெல்டிங் வைத்து, ஃபேசிங் போட்டுச் சமமாக்கி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை ஒட்டியே மயிரிழை போல இன்னொரு புது விரிசல்.

பெரியவர் சொன்ன விளக்கத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்யவே முடியாது என்றில்லை. முழு ஹெட்டையும் உலையில் 500, 600 டிகிரி வரைக்கும் சீராகச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே வைத்து, பிறகு சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெள்ள ஆறவிட வேண்டும், ஆற ஒரு நாள்கூட ஆகும். அந்தப் பொறுமை இருந்தால் நிற்கலாம், அதற்கும் வால்வு நடுவில் யாரும் உத்தரவாதம் தருவதில்லை. சூடாக்காமல் பச்சையாக வெல்டிங் ராடு வைத்து இழுத்தால் வெல்டிங்கை ஒட்டிய இரும்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடும், முதல் இரண்டு மூன்று சூட்டில் பக்கத்திலேயே பிளக்கும். எனக்குப் பதினோரு நாள் நின்றது.

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று தஞ்சாவூரில் ஒரு இடத்தில் பிரஷர் டெஸ்ட் போட்டோம். தண்ணீர் ஓடும் துவாரங்களை எல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, ஹெட்டைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சுடுதண்ணீர் ஏன் என்று கேட்டேன், ஆறின ஹெட்டில் விரிசல் மூடிக்கொண்டு ஏமாற்றுமாம், சூட்டில்தான் வாயைத் திறக்கும். திறந்தது. அந்தக் கோட்டின் பக்கத்திலிருந்து குமிழ் வரிசையாக வந்ததை மச்சான் போனில் வீடியோ எடுத்தான். பிளாக்கையும் சோதித்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பிளாக்கில் கிராக் என்று நாற்பதாயிரம் கேட்டாரே, அதற்காகத்தான் இதைச் சொல்லி எழுதுகிறேன்.

இந்தத் தடவை ஹெட்டை நானே பில்லோடு வாங்கிக் கொடுத்தேன். பொருத்தும்போது பக்கத்திலேயே நின்றேன். பிளாக் முகத்தில் ஸ்கேல் வைத்து வளைவு பார்த்தார்கள், நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று தவணையாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கினார்கள், ஓட்டிச் சூடாக்கி மறுபடி பார்த்தார்கள், டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, ஃபீலர் என்ற அளவுத் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். முந்தைய பட்டறையில் டார்க் ரென்ச் என்ற சாமானையே நான் பார்த்த ஞாபகம் இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் இப்போது வேலை செய்கிறது, அதற்கு ஆன செலவைச் சொன்னால் நீங்கள் என்னைத்தான் அடிப்பீர்கள்.

பழைய ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். முதலில் "கம்பெனி காஸ்டிங்கே அப்படித்தாண்ணே வரும்" என்றார். மூன்று புள்ளியைக் காட்டினேன், எல்லா ஹெட்டிலும் புள்ளி இருக்கும் என்றார். வீடியோவைக் காட்டியதும், சப்ளை பண்ணினவன் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்தார். என் ஹெட்டை எனக்கே சப்ளை செய்தவன் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் 8,000 தருகிறேன், வெளியே பேசாதீர்கள் என்றார். வாங்கவில்லை.

1915க்குப் போன் செய்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகுதான் மாவட்ட ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் வரைக்குமான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டிராக்டர் தொழிலுக்குத்தானே, நுகர்வோர் என்று ஏற்பார்களா என்று ஒருவர் பயமுறுத்தினார். சொந்தப் பிழைப்புக்காக வைத்திருப்பவருக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். என் பக்கம் பலவீனம் அந்த வெள்ளைச் சீட்டுதான், அதில் பட்டறை முத்திரைகூட இல்லை. நல்ல வேளையாகப் பாதிப் பணத்தை போனில் அனுப்பியிருந்தேன், அந்தக் கணக்கு நிற்கிறது. உங்கள் வண்டி எந்தப் பட்டறைக்குப் போனாலும் போவதற்கு முன்னால் ஹெட், பம்ப், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு புள்ளி அடித்துவிடுங்கள், கழற்றின சாமான் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள், சோதனை போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். கோபித்துக்கொண்டால் வேறு பட்டறை பாருங்கள்.

நோட்டீஸ் போன மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். முழுப் பணமும் தருகிறாராம், பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம். "வரும்போது அந்தப் பழைய ஹெட்டை மட்டும் கொண்டாந்துருங்கண்ணே" என்றார். அது எங்கள் வீட்டில் நெல் மூட்டைக்குப் பின்னால், சாக்கில் சுற்றி, பூட்டின அறையில் இருக்கிறது. அடுத்த வாய்தா வரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.