பழைய பென்ஸ் கியர்பாக்ஸுக்குத் தெம்பு ஏற்றும் மேட்டுப்பாளையம் பட்டறை: போகலாமா?

பி.ஒய். 01 நம்பர் போட்ட பழைய இ கிளாஸ் டீசல் கைமாறி வந்ததும் பலர் முதல் வேலையாக டியூனிங் பாக்ஸ் (எஞ்சின் பவரைக் கூட்ட வெளியிலிருந்து மாட்டும் சின்னக் கருவி) மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறும், வண்டி இழுக்காது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வருகிற 722.6 என்ற பென்ஸ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரும்பாலும் இந்த நோயோடுதான் வருகிறது.

1996-இல் வந்த இந்த ஐந்து கியர் பெட்டி சோப்ளாங்கி இல்லை. 700 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தரும் இ55 ஏஎம்ஜியிலும் இதே குடும்பத்தின் பலப்படுத்திய பெட்டிதான். ஆனால் சாதாரணமாக சின்னது 330 நியூட்டன் மீட்டருக்கு, பெரியது 580-க்கு என்று இரண்டு அளவு உண்டு. பட்டறையில் முதலில் பார்ப்பதே எந்த அளவு என்பதைத்தான். சின்னதாக இருந்தால், "இதில் காசைக் கொட்டாதீங்க, பெரிய பெட்டியா தேடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்காகவே ஒரு மார்க் கூடுதலாகப் போடலாம்.

காரணத்தையும் சரியாகப் பிடிக்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு டார்க் தருகிறது என்று அதன் கம்ப்யூட்டர் சொல்வதை வைத்துத்தான் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஆயில் பிரஷரை நிர்ணயிக்கிறது. டியூனிங் பாக்ஸ் ரெயில் பிரஷர் சென்சாரை (டீசல் அழுத்தத்தை அளப்பது) ஏமாற்றிக் கூடுதல் டீசல் போக வைப்பதால், உள்ளே இருக்கும் டார்க் அந்தக் கணக்கில் வருவதில்லை. பிரஷர் குறைவு, பிடி தளர்வு, மூன்றாவது கியருக்கு மாறும்போது பிடிக்க வேண்டிய கே2 கிளட்ச் கருகுகிறது. பாக்ஸைக் கழற்றி முறையான ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளையே மாற்றுவது) செய்யாவிட்டால் புது பிளேட்டும் அதே வழியில்தான் போகும்.

வேலை சுத்தம். எஞ்சினுக்குத் தக்கபடி கம்பெனியே கே2-வில் பிளேட் எண்ணிக்கையை மாற்றியிருக்கிறது. பிளேட்டுகள் உட்காரும் டிரம்மில் இடமிருந்தால் இவர்களும் கூட்டுகிறார்கள். ஒருபக்கம் மட்டும் லைனிங் உள்ள பிளேட் என்பதால் அடுக்கும் வரிசை மாறக்கூடாது. புது பிளேட்டை ஆயிலில் ஊறவைத்து, இடைவெளியை அளந்து, தடிமன் வேறுபட்ட ஸ்னாப் ரிங்கால் சரிக்கட்டுகிறார்கள். பெட்டியை மூடும் முன்பு டிரம்மின் ஆயில் துளையில் காற்று அடிக்கிறார்கள். பிளேட்டுகளை அழுத்தும் பிஸ்டன் 'டப்' என்று அடித்து நிற்க வேண்டும். புஸ்ஸென்று கசிந்தால் சீல் மடங்கியிருக்கிறது, மறுபடி பிரிக்க வேண்டியதுதான். ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர் முறுக்குதான். கையளவில் முறுக்கினால் அலுமினியத் துளை பிய்த்துக்கொள்ளும். இங்கே டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்குகிறார்கள்.

கண்டக்டர் பிளேட்டையும் (பெட்டிக்குள் இருக்கும் மின் இணைப்புத் தகடு) 13 பின் பிளக்கின் ஓ ரிங்கையும் கேட்காமலே மாற்றுகிறார்கள். அந்த ரிங் கசிந்தால் ஆயில் ஒயர் வழியாகவே கம்ப்யூட்டர் வரை ஏறிவிடும். கண்டக்டர் பிளேட்டில் உள்ள வேக சென்சார் செத்தால் வண்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொள்ளும், மேலே மாறாது.

குறையும் உண்டு. நாம் கேட்காவிட்டால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் பழைய டார்க் கன்வர்டரையே கழுவி மாட்டிவிடுகிறார்கள். கருகிய கிளட்ச் தூள் முழுக்க அதற்குள்தான் தங்கியிருக்கும், வெளியிலிருந்து கழுவிப் போகாது. வெட்டிப் பிரித்துக் கட்டிய கன்வர்டர்தான் வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். கூலர் பைப்பை ஃப்ளஷ் செய்வதும் தனிக் கணக்காம். இது கொஞ்சம் அநியாயம். கியர் ஆயில் குளிர்வதும் ரேடியேட்டருக்குள்தான், ஆனால் அதையும் இவர்கள் தொடுவதில்லை. பழசு உள்ளுக்குள் ஓட்டையாகி கூலன்ட் கியர் ஆயிலில் கலந்தால் பிளேட் லைனிங் உரிந்து வந்துவிடும். எனவே புது ரேடியேட்டரை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

கூடுதல் ஆயில் கூலர் போடச் சொன்னால் ஃபேன் இல்லாததைத்தான் மாட்டுகிறார்கள். ஈசிஆரில் காற்று அடிக்கும்போது சரி. ராஜீவ் காந்தி சதுக்கத்திலோ அரியாங்குப்பம் நெரிசலிலோ ஏசி போட்டு ஊர்ந்தால் அது சும்மா தகடுதான். ஃபேன் உள்ளதாகக் கேளுங்கள். கிளாம்ப் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். கடல் காற்றுக்கு மற்றது தாங்காது.

வண்டி எடுக்கும் அன்று ஆயில் அளவை 80 டிகிரியில், எஞ்சின் ஓடும்போது, நம் கண்முன் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் டிப்ஸ்டிக் கிடையாது, குழாய்தான். அளவுக் கம்பி பட்டறையில் இருக்கிறது. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் கியர் அடித்து நுரையாக்கும், இரண்டிலும் பிரஷர் போய்விடும். ஸ்கேனரில் அடாப்டேஷனை (கியர் மாற்றத்துக்காக கம்ப்யூட்டர் கற்று வைத்த பழைய கணக்கை) அழித்தபின் ஆயில் 60 டிகிரி தாண்டியதும் மெதுவாக மிதித்து எல்லாக் கியரும் பலமுறை மாறும்படி ஓட்ட வேண்டும். அதை அவர்களே விழுப்புரம் சாலையில் ஓட்டிக் கொடுக்கிறார்கள்.